பரம்பிக்குளம் போய்வர: இரண்டு செக்போஸ்ட், ஒரே பாதை

பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் இருக்கிறது. கேரளத்து மண்தான். ஆனாலும் கேரளத்துக்குள்ளிருந்தே வண்டியில் அங்கே போய்ச் சேர சுற்றுலாப் பயணிக்குப் பாதை கிடையாது. பொள்ளாச்சி, ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை, டாப்சிலிப், ஆனப்பாடி என்று தமிழ்நாட்டு வனத்தைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். பாலக்காட்டிலிருந்து கிளம்புகிறவரும் கொல்லங்கோடு, கோவிந்தாபுரம், அம்பராம்பாளையம் வழியாகச் சுற்றிவந்து இதே பாதையில்தான் சேர்கிறார்.

ஒரே பாதையில் இரண்டு மாநிலம், இரண்டு புலிகள் காப்பகம், இரண்டு செக்போஸ்ட்: சேத்துமடையில் தமிழ்நாட்டுடையது, ஆனப்பாடியில் கேரளத்துடையது. புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தக் கேட்டுகளில்தான். எதை முதலில் செய்வது, எதை வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. பகலில் போய்த் திரும்புவதா, தங்குவதா?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். முன்பதிவு, வண்டி, பை, கிளம்பும் நேரம் எல்லாமே இதைப் பொறுத்து மாறும்.

பகல் பயணம் என்றால் சொந்த வண்டியை ஆனப்பாடியில் நிறுத்திவிட்டு, வனத்துறை ஏற்பாடு செய்யும் வண்டியில் சஃபாரி போய் வர வேண்டும். ஏறக்குறைய 50 கிலோமீட்டர் சுற்று, மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. தங்குவதென்றால் அறை, வழிகாட்டி, சஃபாரி, காட்டுநடை என்று பலதும் சேர்ந்த தொகுப்பாக முன்பதிவு செய்ய வேண்டும்.

கையில் இரண்டு நாள் இருந்தால் தங்குங்கள். காட்டுமாடும் கடமானும் யானையும் வெளியே வருவது விடியலிலும் அந்தி சாயும்போதும். பகல் பயணி வந்து திரும்பும் நேரம் இந்த இரண்டுக்கும் நடுவே விழுகிறது. உச்சி வெயிலில் சஃபாரி போய்விட்டு "ஒன்றுமே இல்லை" என்று சொல்கிறவர்கள் நேரத்தைத்தான் தவறாகத் தேர்ந்திருக்கிறார்கள்.

2. மாதமும் நாளும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. காடு பச்சையாக இருக்கும், அட்டையும் இருக்கும். மரம் விழுந்து பாதை அடைபடலாம். மூங்கில் தெப்பச் சவாரி, காட்டுநடை போன்றவை நிறுத்தப்படலாம். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழைக்குத் தயாராக இருக்க வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எல்லாருக்கும் ஏற்ற காலம்; விடியற்காலையில் ஒரு ஸ்வெட்டர் வேண்டியிருக்கும்.

விலங்கு பார்ப்பதே நோக்கம் என்றால் மார்ச், ஏப்ரலை ஒதுக்காதீர்கள். உள்ளே ஓடைகள் வற்றுவதால் கூட்டங்கள் அணைகளின் நீர்விளிம்புக்கு இறங்கும், புல்லும் உயரம் குறைந்து பார்வை தெளிவாக இருக்கும். ஆனால் அது காட்டுத்தீக் காலமும்கூட. நிலைமையைப் பார்த்து வனத்துறை காட்டுநடைகளை மூடிவிடும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு பரம்பிக்குளம் காப்பகத்தின் தகவல் மையத்துக்குப் போன் செய்து உறுதி செய்யுங்கள்.

கிழமையையும் பாருங்கள். சனி, ஞாயிறு, பொங்கல், தீபாவளி, ஓணம், மே விடுமுறை ஆகிய நாட்களில் டாப்சிலிப்புக்குப் போகும் வண்டிகளும் அதே சாலையில் நிற்கும். அமாவாசையன்று ஆனைமலை மாசாணியம்மன் கோயில் கூட்டம் ஊரையே நிரப்பிவிடும். காலண்டரில் அமாவாசையைப் பார்க்காமல் நாள் குறித்துவிட்டு, ஆனைமலைக் கடைவீதியில் ஒரு மணி நேரத்தைத் தொலைக்கிறவர்கள் நிறைய. செவ்வாய் முதல் வியாழன் வரை நல்ல நாட்கள்.

3. முன்பதிவு: டாப்சிலிப் வேறு, பரம்பிக்குளம் வேறு

அதிகம் பேர் செய்கிற தவறு இது. டாப்சிலிப் தமிழ்நாட்டின் ஆனைமலை புலிகள் காப்பகத்தில் வருவது. பரம்பிக்குளம் கேரள வனத்துறையின் காப்பகம். ஒன்றில் வாங்கிய அறையோ சஃபாரி சீட்டோ மற்றதில் செல்லாது. டாப்சிலிப் சஃபாரிக்குச் சீட்டு எடுத்துவிட்டு, அதை ஆனப்பாடியில் நீட்டி நிற்பவர்களை விடுமுறைக் காலங்களில் பார்க்கலாம். பரம்பிக்குளத்துக்கு அந்தக் காப்பகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள்.

தங்குமிடங்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் தேர்வு எளிது. ஆனப்பாடியிலேயே இருக்கும் கூடாரங்களும் அறைகளும் முதல் வகை. வாசலிலேயே புள்ளிமான் மேயும். வண்டியிலிருந்து நாலடியில் அறை. வயதானவர், கைக்குழந்தை இருந்தால் இதுதான் சரி. தூணக்கடவு பக்கமும் பரம்பிக்குளம் பக்கமும் உள்ள மரவீடுகள் இரண்டாவது வகை. முழங்கால் வலி உள்ளவர்கள் படியேற்றத்தை யோசித்துக்கொள்ளவும். மூன்றாவது, நீர்த்தேக்கத்துக்குள் இருக்கும் தீவுக்குடில்கள். அங்கே இரவு நடுவில் திரும்பிவர வழியில்லை என்பதால், அன்றாடம் மருந்தும் மருத்துவக் கண்காணிப்பும் தேவைப்படுகிறவர்களை அழைத்துப் போக வேண்டாம்.

பதிவு செய்யும்போது தலைக்கணக்கைச் சரியாகக் கொடுங்கள். பல தொகுப்புகள் இரண்டு பேருக்கானவை. கூடுதல் ஆளுக்குத் தனிக் கட்டணம். "குழந்தைதானே" என்று சேர்க்காமல் விட்டால், படுக்கையும் சாப்பாடும் வழிகாட்டிக் கணக்கும் அந்த இடத்தில் இடிக்கும். எந்தெந்த வேளைச் சாப்பாடு சேர்ந்தது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

பதிவுச் சீட்டைத் தாளில் இரண்டு பிரதி அச்சிடுங்கள். போனில் இருக்கும் மின்னஞ்சலை நம்பாதீர்கள். செக்போஸ்டில் அதைத் திறக்க சிக்னல் இருக்காது.

4. வண்டி, தாள், பணம்

இரு சக்கர வாகனத்துக்கு அனுமதியில்லை. கோவையிலிருந்து பைக்கில் வந்து சேத்துமடையில் திரும்புகிறவர்கள் இன்றும் உண்டு. யானையும் காட்டுமாடும் கடக்கிற பாதையில் உடம்பைச் சுற்றிக் கூரையில்லாத வண்டி ஆபத்து, காரணம் அவ்வளவுதான்.

காரில் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் நான்கும் இருக்கட்டும். கடப்பது மாநில எல்லை. வாடகை வண்டி என்றால் அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட் இருக்கிறதா, இல்லையென்றால் கேரளத்துக்குத் தனி பெர்மிட் எடுத்திருக்கிறாரா என்று டிரைவரிடம் முதல் நாளே கேளுங்கள். "டாப்சிலிப் வரைக்கும்தானே" என்று நினைத்து வந்துவிடுகிற டிரைவர்கள் உண்டு. ஆனப்பாடியைத் தாண்ட வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் புகைப்பட அடையாள அட்டை வேண்டும்.

பொள்ளாச்சியிலேயே டேங்கை நிரப்புங்கள். சேத்துமடைக்கு மேலே பங்க் இல்லை, ஏ.டி.எம்.மை எதிர்பார்க்க முடியாது. ஸ்டெப்னியில் காற்று, பிரேக், வைப்பர் மூன்றையும் பாருங்கள்.

ரொக்கம் கட்டாயம். சேத்துமடையில் தமிழ்நாட்டுக் கட்டணம், ஆனப்பாடியில் கேரளக் கட்டணம். ஆளுக்கு, வண்டிக்கு, கேமராவுக்கு என்று தனித்தனியாக வரும். யு.பி.ஐ. சுற்றிக்கொண்டே நிற்கும்போது பின்னால் பத்து வண்டி சேர்ந்துவிடும். நூறும் ஐம்பதுமாகச் சில்லறை எடுத்து இரண்டு கவரில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. பையில் எது இருக்கலாம், எது கூடாது

சேத்துமடையில் காவலர் டிக்கியைத் திறக்கச் சொல்வார். பையின் மேல்துணியைத் தூக்கிவிட்டு அடியில் கைவிட்டுப் பார்ப்பார். தண்ணீர் கேஸ், சிப்ஸ் பாக்கெட், பிளாஸ்டிக் கவரில் கட்டிய பார்சல் சாம்பார், ஷாம்பு சாஷே எல்லாம் வெளியே வரும். இதில் அவருக்கும் நேரம் போகிறது, உங்களுக்கும் போகிறது. உப்புச் சுவை ஒட்டிய பாக்கெட்டை மானும் காட்டுமாடும் நக்கி, அப்படியே விழுங்கிவிடும். குடலில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். அந்தச் சோதனைக்குக் காரணம் இதுதான். அதனால் வீட்டிலேயே பிரித்து டப்பாவில் போட்டுவிடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: ஆளுக்கு ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில், காலை டிபனுக்குத் தூக்கு அல்லது டிபன் பாக்ஸ், துணிப்பை, டார்ச், மழைக்கோட்டு, முழுக்கால் சட்டை, மூடிய ஷூ, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இரண்டு நாளுக்குக் கூடுதலாக, வளைவில் வாந்தி வருகிறவர்களுக்கு மாத்திரை, எலுமிச்சம்பழம். பைனாகுலர் ஒன்று இருந்தால் குடும்பத்துக்கே உதவும். போன் கேமராவை விட அதில்தான் கருமந்தி முகம் தெரியும். உடுப்பு காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை. வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். வாசனைத் திரவியமும் வேண்டாம்.

மது, பீடி சிகரெட், பட்டாசு, டிரோன், ஸ்பீக்கர், வளர்ப்பு நாய் இவற்றோடு வந்தால் பயணம் கேட்டிலேயே நின்றுவிடும்.

மழைக்காலத்தில் போனால் கல்லுப்பை ஒரு சின்னத் துணி முடிச்சாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். அட்டை ஏறியதும் பிய்த்து இழுக்காதீர்கள்; இழுத்தால் தோல் கிழிந்து புண்ணாகும். உப்பு முடிச்சை நனைத்து அதன் மேல் தொட்டால் சுருண்டு தானே விழும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வடியும். அட்டையின் எச்சில் இரத்தம் உறையவிடாது, பயப்பட வேண்டியதில்லை. கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் விட்டுக்கொண்டால் முக்கால்வாசி அட்டை மேலே ஏறாது.

6. கிளம்பும் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

காலை எட்டரைக்குள் ஆனப்பாடி. இதை நிலைநிறுத்திக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். சேத்துமடை கேட்டில் ஏழே கால். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை சுமார் 25 கிலோமீட்டர். ஆறேகாலுக்குப் பொள்ளாச்சியை விட வேண்டும். கோவை என்றால் ஐந்து மணிக்கே வண்டி நகர வேண்டும்.

சஃபாரி வண்டிகள் எண்ணிக்கையில் குறைவு. வந்த வரிசையில்தான் ஆள் ஏற்றுவார்கள். பத்து மணிக்கு வந்தால் அடுத்த சுற்றுக்குக் காத்திருந்து, நண்பகலில் ஏறி, மூன்றரைக்கு இறங்குவீர்கள். சாயங்காலம் கேட் மூடுவதற்குள் மலையிறங்க வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும்.

வரைபடச் செயலி காட்டும் குறுக்குவழிகளை நம்ப வேண்டாம். வால்பாறையிலிருந்து பரம்பிக்குளம் கைக்கெட்டும் தூரம் போலத் தெரியும். நடுவில் பொதுப் பாதையே இல்லை. நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆழியாறு வந்து, ஆனைமலை சுற்றித்தான் சேத்துமடை சேர வேண்டும். நெல்லியாம்பதி, சாலக்குடிப் பக்கங்களிலிருந்து வர நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான். செயலியில் முதலில் "சேத்துமடை" என்று இலக்கு வையுங்கள்; அதற்கு மேல் வழி தவற இடமில்லை.

7. சேத்துமடையிலிருந்து மேலே

ஒருவர் அடையாள அட்டைகளையும் பதிவுச் சீட்டையும் எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போகட்டும். இன்னொருவர் டிக்கியைத் திறந்து வைக்கட்டும். கொடுக்கும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆனப்பாடியிலும் திரும்பும்போதும் கேட்பார்கள். கடைசி போன் அழைப்பை இங்கேயே முடித்துவிட்டு, வீட்டில் ஒருவருக்குத் திரும்பும் நேரத்தைச் சொல்லிவையுங்கள். மேலே பி.எஸ்.என்.எல். சில இடங்களில் எட்டிப் பார்க்கும், மற்றவை பெரும்பாலும் இல்லை.

அடுத்த பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் குறுகலான மலைப்பாதை. ஏறும் வண்டிக்கு முதலிடம். இரண்டாம் கியரிலேயே ஏறுங்கள், திரும்பும்போது அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். வழியில் இறங்கி நிற்பது, குரங்குக்கு வாழைப்பழம் போடுவது இரண்டுமே அபராதத்துக்குரியவை. பழம் போட்டுப் பழக்கிய இடத்தில் குரங்கு சாலைக்கே குடிவந்து, அடுத்த டயரில் அடிபடுகிறது.

காட்டுமாடு சாலையோரம் நின்றால் அசையாமல் நிறுத்துங்கள். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியது போல இருக்கும். உடம்பு கறுப்பு, தோள் மேடு காரின் கூரைக்கு மேலே எழும். முன்னால் ஒன்று கடந்ததும் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். புதருக்குள் இன்னும் ஐந்தாறு நிற்கும், கன்று பெரும்பாலும் நடுவிலோ கடைசியிலோ வரும். தாய்க்கும் கன்றுக்கும் இடையே காரை விட்டால் தாய் முட்ட வரலாம். கடைசி மாடு கடந்த பிறகு ஒரு நிமிடம் எண்ணிவிட்டு நகருங்கள்.

யானை என்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹார்ன் வேண்டாம், விளக்கைச் சிமிட்ட வேண்டாம், இன்ஜினை உறுமவிட வேண்டாம். காது விரிந்து தலை நிமிர்ந்தால் மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். பின்னால் வந்த வண்டி ஒட்டி நின்றால் அதற்கு வழியிருக்காது. ஆகவே இந்தப் பாதையில் முன் வண்டிக்கும் உங்களுக்கும் ஐந்தாறு கார் நீளம் விட்டே ஓட்டுங்கள்.

டாப்சிலிப் வந்ததும் புல்வெளியைப் பார்த்து எல்லாரும் இறங்கிவிடுவார்கள். போகும்போது இறங்காதீர்கள். அங்கே கழிக்கிற அரை மணி நேரம் ஆனப்பாடி வரிசையில் ஒன்றரை மணி நேரமாகிவிடும். திரும்பும்போது நின்று டீ குடியுங்கள்.

8. ஆனப்பாடியில் செய்ய வேண்டிய வரிசை

டாப்சிலிப் தாண்டிச் சில கிலோமீட்டரில் ஆனப்பாடி. கேரளம் இங்கே தொடங்குகிறது. இறங்கியதும் முதலில் கவுண்டரில் பெயர் பதிந்து சஃபாரிக்கு இடம் பிடியுங்கள். அதன் பிறகு கழிப்பறை, டிபன், மான் படம் எல்லாம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்து ஒரு வண்டியைத் தவறவிடுகிறார்கள்.

தங்குகிறவர்களுக்கு இங்கேயே வழிகாட்டியை ஒதுக்குவார்கள். காடர், மலசர், மலைமலசர், முதுவர் பழங்குடியினரில் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். பெயரைக் கேட்டு "அண்ணா", "அக்கா" என்று கூப்பிடுங்கள். தமிழ் நன்றாகவே புரியும். என்ன பார்க்க ஆசை, யாருக்கு நடக்க முடியாது, எவருக்கு என்ன நோய் என்பதை முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டால் அவர் அன்றைய திட்டத்தை அதற்கேற்ப அமைப்பார். அவர் "போக வேண்டாம்" என்று சொன்ன இடத்துக்கு எவ்வளவு வற்புறுத்தினாலும் போக முடியாது. முன்னே புதரில் எதன் வாடை வருகிறது என்பது அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

9. சஃபாரியும் இரவும்

ஜன்னலோரம் குழந்தைகளுக்குக் கொடுங்கள், ஆனால் பேச்சைத் தாழ்த்தச் சொல்லுங்கள். தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், பரம்பிக்குளம் என்று மூன்று அணைகளின் பக்கம் பாதை போகும். அணைகள் இருப்பது கேரளத்தில், இயக்குவது தமிழ்நாட்டு நீர்வளத்துறை. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் நீர் இதுதான். நீர்விளிம்பில் கிடக்கும் மரக்கட்டைகளைப் பைனாகுலரில் ஒரு முறை பாருங்கள்; சில கட்டைகள் முதலை. அதனால்தான் எந்தக் கரையிலும் கால் நனைக்க விடமாட்டார்கள்.

கன்னிமாரா தேக்கு வழியில் வரும். நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட மரம், அடிச்சுற்று ஆறரை மீட்டருக்கு மேல். ஐந்து பேர் கைகோத்தால்தான் வளைக்க முடியும். அங்குள்ள பழங்குடியினர் வணங்கும் மரம் அது. பட்டையைக் கீறிப் பெயர் எழுதுவதோ மேலேறுவதோ கூடாது.

தங்கினால், இருட்டிய பிறகு அறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் இடையில்கூட ஆளில்லாமல் நடக்காதீர்கள். டார்ச்சைத் தரையில் அடித்து நடங்கள், பாம்பு தெரியும். சாப்பாடு, பழம் எதையும் அறைக்குள்ளோ காருக்குள்ளோ வாசம் வரும்படி விடாதீர்கள். மறுநாள் காட்டுநடைக்கு ஆறரைக்கே தயாராகுங்கள். வெயில் ஏறிவிட்டால் இருவாட்சியும் மலை அணிலும் கண்ணில் படுவது குறைந்துவிடும்.

பாம்பு தீண்டினால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், நடக்க வைக்காதீர்கள். வழிகாட்டியிடம் உடனே சொல்லுங்கள். வனத்துறையின் வயர்லெஸ் வேலை செய்யும். பெரிய மருத்துவமனை என்றால் பொள்ளாச்சிதான்.

10. பேருந்தில் வருகிறவர்களுக்கு

பொள்ளாச்சியிலிருந்து பரம்பிக்குளம் வரை அரசுப் பேருந்து காலையில் ஒன்றும் பிற்பகலில் ஒன்றும் போகிறது. பாலக்காட்டிலிருந்தும் கேரள அரசுப் பேருந்து உண்டு. பகல் பயணத்துக்குக் காலைப் பேருந்து மட்டுமே பயன்படும். முந்தின நாளே பொள்ளாச்சி பேருந்து நிலையத்தில் நேரத்தைக் கேட்டுவிடுங்கள். ஆனப்பாடியில் இறங்கி சஃபாரி எடுங்கள். நேரே கடைசி நிறுத்தமான பரம்பிக்குளம் வரை போய்விட்டால், வழிகாட்டியில்லாமல் அங்கே சுற்ற முடியாது. திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு ஆனப்பாடியைக் கடக்கும் என்று நடத்துநரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பேருந்துதான் உள்ளே வாழ்கிறவர்களுக்கு மருத்துவமனைக்கும் ரேஷனுக்கும் பள்ளிக்கும் வழி. அரிசி மூட்டையோடு ஒரு பாட்டி ஏறினால் எழுந்து இடம் கொடுங்கள். உங்கள் பெரிய பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

11. திரும்பும்போது

பிற்பகல் மூன்றரைக்குள் ஆனப்பாடியை விடுங்கள். மாலையில் கேட் மூடிய பிறகு காட்டுச் சாலையில் வண்டிக்கு அனுமதியில்லை. காலையில் கொண்டுவந்த குப்பை முழுவதும் உங்கள் துணிப்பையில் இருக்கட்டும். ரசீதைக் கையில் எடுத்து வையுங்கள். சேத்துமடை இறங்கியதும் வண்டியை ஓரங்கட்டி ஷூவைக் கழற்றி உதறுங்கள், காலுறைக்குள்ளும் கார் மிதியடியின் கீழும் பாருங்கள். மழைக்காலமாக இருந்தால் ஓர் அட்டையாவது அங்கே சுருண்டிருக்கும்.